வீட்டு விண்ட் டனலுக்கு எந்த ஃபேன்? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்க ராமநாதபுரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி, "எத்தனை இஞ்ச் தம்பி?" என்பதுதான். சமையலறைக்கோ மீன் ஷெட்டுக்கோ என்றால் அந்த ஒரு கேள்வி போதும். மாதிரிகளின் மேல் சீரான காற்றை ஓட்டிச் சோதிக்கும் பெட்டியான விண்ட் டனலுக்குப் போதாது. நம் கணக்கில் இஞ்ச் கடைசியாகத்தான் வரும். அதற்கு முன் எவ்வளவு காற்று வேண்டும், எவ்வளவு அழுத்தத்தை எதிர்த்து அந்தக் காற்றை இழுக்க வேண்டும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெருக்கல், வகுத்தல், கொஞ்சம் வர்க்கமூலம் தெரிந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடலாம்.

"கச்சான் காற்று வீசும் மாதங்களில் மண்டபம் கடற்கரையில் நின்றாலே காற்று ஆளைத் தள்ளுகிறதே, எதற்கு டனல்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கரைக் காற்று நொடிக்கு நொடி மாறும், திசையும் நிலையாக இருக்காது. இரண்டு பாய் மாதிரிகளில் எது நன்றாக இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே காற்று வேண்டும். கடற்கரையில் அது கிடைக்காது, பெட்டிக்குள் கிடைக்கும்.

வேகத்தை முடிவு செய்யுங்கள்

எதைச் சோதிக்கப் போகிறீர்கள் என்பதுதான் வேகத்தைச் சொல்லும். வத்தைப் படகின் பாய்க்குச் சிறு மாதிரி, காற்றாலை இறக்கை, ஓலைக் கூரை, ஓட்டுக் கூரை மாதிரிகள், பட்டம் இவற்றுக்கெல்லாம் வினாடிக்கு 8 முதல் 15 மீட்டர் வரை போதும். கலாம் பிறந்த பக்கம் என்பதால் பள்ளிக் கண்காட்சிகளில் ராக்கெட் மாதிரிக்குப் பஞ்சமிருக்காது. ஆனால் ராக்கெட்டின் உண்மையான வேகத்தை வீட்டு டனலில் கொண்டுவர முடியாது. அதன் வால் இறகு மாதிரியை நிலையாகப் பிடிக்கிறதா என்பதைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைக்கு வினாடிக்கு 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 43 கிலோமீட்டர். ரைட் சகோதரர்கள் 1901இல் இறக்கை மாதிரிகளைச் சோதித்த பெட்டியில் ஓடிய காற்றும் மணிக்கு 27 மைல், ஏறக்குறைய இதே வேகம்தான். அவர்களுடைய பெட்டி 16 இஞ்ச் சதுரம், 6 அடி நீளம். அதை வைத்து விமானத்துக்கே இறக்கை வடிவம் கண்டுபிடித்தார்கள் என்றால் நம் தேவைக்கு 12 மீட்டர் குறைவில்லை.

இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள்: மணிக்கு 58 கிலோமீட்டர். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று அந்த வேகத்தைத் தாண்டினால் ரயிலை விடாமல் நிறுத்திவைத்தார்கள். வினாடிக்கு 16 மீட்டர் சொச்சம். நம் டனல் அந்த வேகத்தையும் தொட்டால் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். முடியுமா என்று கடைசியில் பார்ப்போம்.

பெட்டியின் அளவு

மாதிரியை வைக்கும் இடத்தைச் சோதனை அறை என்போம். அது பெரிதாக இருந்தால் நல்லது என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் காற்றின் அளவு நான்கு மடங்காகும், மோட்டாரும் நான்கு மடங்காகும். முதல் டனலுக்கு 25 சென்டிமீட்டர் சதுரம் போதும், 30க்கு மேல் போகாதீர்கள்.

மாதிரியை முன்னாலிருந்து பார்க்கும்போது அது மறைக்கும் பரப்பு, சோதனை அறையின் பரப்பில் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 25 சென்டிமீட்டர் சதுரம் என்றால் 625 சதுர சென்டிமீட்டர், அதில் 5 சதவீதம் 31. அதாவது ஐந்தரை சென்டிமீட்டர் சதுரம். பெரிய மாதிரி வைத்தால் காற்று இடுக்கில் நெருங்கி ஓடி, எடுக்கும் அளவெல்லாம் தப்பாகும்.

மற்றப் பாகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று நுழையும் பக்கம் ஒரு பெரிய முன்பெட்டி. அதில் ஸ்ட்ராக்களை அடுக்கிய தேன்கூடு, அதன் பின்னால் இரண்டு கொசுவலை. அப்புறம் வளைவாகக் குறுகும் பகுதி. அதன் பின் சோதனை அறை, அதன் பின் மெல்ல விரியும் வால், வாலின் நுனியில் ஃபேன். ஃபேன் காற்றை இழுக்க வேண்டும், தள்ளக்கூடாது. முன்னால் வைத்துத் தள்ளினால் இறக்கை கிளப்பும் சுழல் முழுவதும் மாதிரியின் மேல் வந்து விழும். ரைட் சகோதரர்கள் தள்ளித்தான் ஓட்டினார்கள், அந்தச் சுழலை நேராக்க அவர்களும் பாடுபட வேண்டியிருந்தது.

முன்பெட்டியின் பரப்பு சோதனை அறையைப் போல 6 மடங்கு இருக்கட்டும். 61 சென்டிமீட்டர் சதுரம் வரும். அங்கே காற்று வினாடிக்கு 2 மீட்டர்தான் ஓடும். தேன்கூட்டையும் வலையையும் அந்த மெதுவான இடத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

எவ்வளவு காற்று

இது ஒரு வரிக் கணக்கு. பரப்பு × வேகம். 0.0625 சதுர மீட்டர் × 12 = வினாடிக்கு 0.75 கன மீட்டர். மணிக்கு 2,700 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி) என்று போட்டிருந்தால், வினாடிக்கு ஒரு கன மீட்டர் என்பது ஏறக்குறைய 2,119 சிஎஃப்எம். ஆக நமக்கு வேண்டியது 1,590 சிஎஃப்எம்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுவார்கள். 1,600 சிஎஃப்எம் போட்ட ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டுவார்கள், சோதனை அறையில் பாதி வேகம்கூட வராது. ஃபேன் கெட்டது என்று திருப்பிக் கொண்டுபோவார்கள். கடைக்காரரும், "பெட்டியிலேயே போட்டிருக்கே, பாருங்க தம்பி" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை. பெட்டியில் இருப்பது முன்னாலும் பின்னாலும் எந்தத் தடையும் இல்லாமல் ஃபேன் திறந்தவெளியில் ஓடும்போது தள்ளும் காற்று. வள்ளம் காலியாக ஓடும் வேகம் வேறு, வலையும் ஐஸும் ஆளும் ஏற்றிக்கொண்டு ஓடும் வேகம் வேறு. டனல் என்பது ஏற்றிய வள்ளம்.

எவ்வளவு அழுத்தம்

எல்லாக் கணக்குக்கும் அடிப்படை ஓடும் காற்றின் அழுத்தம்: 0.5 × காற்றின் அடர்த்தி × வேகம் × வேகம்.

அடர்த்தி எவ்வளவு என்றால் புத்தகத்தில் கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று இருக்கும். அது 15 டிகிரி குளிரில் உள்ள காற்று. நம் கரையில் 32 டிகிரி வெயிலும் கடல் ஈரமும் சேர்ந்து 1.15 கிலோவுக்கு இறங்கிவிடும். ஈரக் காற்று கனமானது என்று நினைப்பவர்கள் உண்டு, உண்மையில் நீராவி காற்றை லேசாக்குகிறது. ஆகவே 0.5 × 1.15 × 144 = 83 பாஸ்கல். சோதனை அறையில் ஓடும் காற்றின் அழுத்தம் இது.

இனி ஒவ்வொரு பாகத்திலும் எவ்வளவு தொலைகிறது என்று பாருங்கள். நான் போடும் எண்கள் தோராயம்தான், ஆனால் ஃபேன் வாங்க இந்தத் தோராயம் தாராளமாகப் போதும்.

முன்பெட்டியில் வேகம் 2 மீட்டர் என்பதால் அங்கே ஓடும் காற்றின் அழுத்தம் 2.3 பாஸ்கல்தான். 6 மில்லிமீட்டர் ஸ்ட்ராவை 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி அடுக்கிய தேன்கூடு அதில் இரண்டு மடங்கைத் தின்னும்: 5 பாஸ்கல். இரண்டு கொசுவலைக்கும் சேர்த்து 9. இதே வலையைச் சோதனை அறைக்குள் கட்டினால் என்ன ஆகும்? அங்கே அழுத்தம் 36 மடங்கு, ஆகவே இழப்பும் பல மடங்கு. 9 பாஸ்கலில் முடிய வேண்டியது 300 பாஸ்கலைத் தாண்டிவிடும். தேன்கூட்டையும் வலையையும் அகலமான இடத்தில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

குறுகும் பகுதிக்கு 4, அரை மீட்டர் நீளச் சோதனை அறைக்கு 3, மாதிரிக்கு 4, நல்ல வாலுக்கு 12, ஃபேனுக்கு முன்னால் கட்டும் பாதுகாப்புக் கம்பிவலைக்கு 5 போடுங்கள். எல்லாம் சேர்த்து 42 பாஸ்கல். வேலைப்பாட்டில் வரும் ஓட்டை உடைசலுக்கு 30 சதவீதம் கூட்டினால் 55.

இது போக, ஃபேனை விட்டு வெளியேறும் காற்று தன்னோடு கொண்டுபோகும் வேகமும் ஒரு இழப்புதான். 18 இஞ்ச் ஃபேனின் பரப்பு 0.164 சதுர மீட்டர், அதில் காற்று 4.6 மீட்டர் வேகத்தில் வெளியேறும், அதற்கு 12 பாஸ்கல். கம்பெனி அட்டவணையில் "ஸ்டாட்டிக் பிரஷர்" என்று இருந்தால் இந்த 12ஐ அவர்களே கழித்திருப்பார்கள், நாம் மறுபடி கூட்டக்கூடாது. "டோட்டல் பிரஷர்" என்று இருந்தால் கூட்ட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் அட்டவணைகளில் பெரும்பாலும் ஸ்டாட்டிக்தான் இருக்கும்.

ஆக, கடைக்குக் கொண்டுபோக வேண்டிய சீட்டில் இருப்பது இதுதான்: மணிக்கு 2,700 கன மீட்டர், 55 பாஸ்கல் ஸ்டாட்டிக் பிரஷரில். சில அட்டவணைகளில் அழுத்தத்தை நீர் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் 9.8 பாஸ்கல், ஆகவே 55 என்பது ஐந்தரை மில்லிமீட்டர்.

ஃபேனை விட வால் முக்கியம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

வால் எதற்கு, இடத்தை அடைக்கிறதே, சோதனை அறைக்குப் பின்னாலேயே 10 இஞ்ச் ஃபேனை ஒட்டவைத்தால் போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 இஞ்ச் ஃபேனின் பரப்பு 0.051 சதுர மீட்டர். அதில் காற்று 14.8 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அந்த வேகத்தோடு போகும் அழுத்தம் மட்டுமே 126 பாஸ்கல். கம்பிவலையும் இப்போது வேகமான இடத்தில் இருப்பதால் 5க்குப் பதிலாக 33 தின்னும். மற்றவை 25. மொத்தம் 184 பாஸ்கல்.

வால் வைத்த டனலுக்கு, இதேபோல் 30 சதவீதக் கூட்டலை விட்டுவிட்டால், 42உடன் வெளியேறும் 12ஐயும் சேர்த்து 54தான். காற்றுக்குக் கொடுக்க வேண்டிய சக்தி என்பது காற்றின் அளவு × அழுத்தம். வால் இருந்தால் 0.75 × 54 = 41 வாட். வால் இல்லையென்றால் 138 வாட். அதே சோதனை அறை, அதே வேகம், மூன்று மடங்குக்கு மேல் சக்தி. ஃபேனும் மோட்டாரும் சேர்ந்து 30 சதவீதம் திறமையாக வேலை செய்தால் (எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அதுவே நல்ல எண்), கரன்ட்டில் இழுப்பது 137 வாட்டா, 460 வாட்டா என்பதுதான் வித்தியாசம். அதைவிட மோசம், 10 இஞ்ச் அச்சு ஃபேன் (காற்றை நேரே பின்னால் தள்ளும் சாதாரண இறக்கை ஃபேன்) எதுவும் சாதாரணமாக அந்த அழுத்தத்தைத் தராது. இரண்டு ப்ளைவுட் பலகையின் காசில் முடியும் வேலைக்குப் பெரிய மோட்டார் தேடி அலைவானேன்?

வால் எவ்வளவு நீளம்? ஒவ்வொரு பக்கமும் மூன்றரை டிகிரிக்கு மேல் விரியக்கூடாது. 25 சென்டிமீட்டரிலிருந்து 46க்கு விரிய வேண்டும், பக்கத்துக்கு 10.5. மூன்றரை டிகிரியில் 1.7 மீட்டர் வரும். எல்லோரும் குறைக்கப் பார்ப்பது இந்த நீளத்தைத்தான். 40 சென்டிமீட்டரில் சட்டென்று விரித்தால் காற்று சுவரை ஒட்டி வராது. நடுவில் மட்டும் பாய்ந்து ஓடும், ஓரங்களில் பின்னோக்கிச் சுழலும். ஃபேன் உறுமும், வேகம் ஏறி இறங்கும். இதைக் கண்ணால் பார்க்கலாம்: தையல் நூலை மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப் போட்டு வாலின் உள்சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். நூல்கள் எல்லாம் ஃபேன் பக்கம் படுத்திருந்தால் வால் சரி. எங்காவது நூல் துடித்தாலோ முன்பக்கம் திரும்பினாலோ அந்த இடத்தில் காற்று சுவரை விட்டுப் பிரிகிறது.

சதுர வாலின் நுனியில் ஒரு பலகை வைத்து, அதில் வட்டத் துளை போட்டு ஃபேன் வளையத்தைப் பொருத்திவிடலாம். நான்கு மூலைகளில் கொஞ்சம் காற்று தேங்கும், பரவாயில்லை. வாலுக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டையோ ரெக்ஸின் துணியோ வைத்தால் மோட்டாரின் அதிர்வு மாதிரிக்கு வராது.

முன்பெட்டி, குறுகல், அறை, வால், ஃபேன் எல்லாம் சேர்ந்து மூன்றரை மீட்டர் நீளம். இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும். 20 அடி நீள அறை கிடைத்தால் இறங்குங்கள். இல்லையென்றால் சோதனை அறையை 20 சென்டிமீட்டராகக் குறையுங்கள், வாலை வெட்டாதீர்கள்.

அட்டவணையைப் படிப்பது

நல்ல கம்பெனி என்றால் ஒவ்வொரு ஃபேனுக்கும் அழுத்தத்துக்கு எதிரே காற்றளவு போட்ட அட்டவணையோ வரைகோடோ தரும். தராத ஃபேனை டனலுக்கு வாங்காதீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு 18 இஞ்ச், 1400 ஆர்பிஎம் ஃபேனின் அட்டவணை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: தடையே இல்லாதபோது மணிக்கு 7,000 கன மீட்டர், 50 பாஸ்கலில் 5,800, 100 பாஸ்கலில் 4,000. நம் டனலோ 2,700க்கு 55 கேட்கிறது. டனல் கேட்கும் அழுத்தம் காற்றளவின் வர்க்கத்தில் ஏறும். 3,700 கன மீட்டருக்கு எவ்வளவு? 3,700ஐ 2,700ஆல் வகுத்தால் 1.37, அதன் வர்க்கம் 1.88, அதை 55ஆல் பெருக்கினால் 103. ஒரு கோடிட்ட தாளில் இரண்டையும் வரையுங்கள். ஃபேனின் கோடு இறங்கும், டனலின் கோடு ஏறும். வெட்டிக்கொள்ளும் இடம்தான் நிஜத்தில் கிடைக்கப்போவது. இந்த உதாரணத்தில் 3,700க்கு அருகே வெட்டும். சோதனை அறையில் வினாடிக்கு 16.4 மீட்டர். பாம்பன் பாலத்து வேகம் வந்துவிட்டது.

அதே ஃபேன் 900 ஆர்பிஎம்மில் கிடைத்தால்? சுற்று குறையும் விகிதத்தில் காற்று குறையும். 900ஐ 1400ஆல் வகுத்தால் 0.64. அழுத்தம் அதன் வர்க்கம், 0.41. சக்தி அதன் மூன்றாம் அடுக்கு, 0.26. டனலில் கிடைக்கும் வேகம் 10.5 மீட்டர். கேட்டது 12. இதனால்தான் "சத்தம் கம்மி, கரன்ட் கம்மி" என்று கடையில் 900 சுற்று ஃபேனைக் கையில் திணித்தாலும் நான் 1400ஐத்தான் சொல்வேன். வேகத்தைக் குறைத்து ஓட்டலாம், இல்லாத வேகத்தைக் கூட்ட முடியாது.

வெட்டும் இடம் கோட்டின் எந்தப் பகுதியில் வருகிறது என்றும் பாருங்கள். அச்சு ஃபேன்களின் கோட்டில் இடப்பக்கம், அதாவது காற்று குறைந்து அழுத்தம் கூடும் பக்கம், ஒரு மேடு பள்ளம் இருக்கும். அங்கே ஓட்டினால் இறக்கையே காற்றைப் பிடிக்காமல் நழுவவிடும். வேகம் அலைபாயும், சத்தம் மாறி மாறி வரும். மேட்டுக்கு வலப்பக்கம் வெட்டுகிற ஃபேனே வேண்டும்.

எதை வாங்கக்கூடாது

சீலிங் ஃபேன், டேபிள் ஃபேன், பெடஸ்டல் ஃபேன் மூன்றும் வேண்டாம். சுற்றிலும் வளையம் இல்லாததால் அழுத்தம் ஏறும்போது காற்று இறக்கை நுனியைச் சுற்றித் திரும்பி வந்துவிடும். பழைய பெடஸ்டல் ஃபேனுக்கு வளையம் கட்டி ஓட்டுகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். நுனிக்கும் வளையத்துக்கும் இடைவெளி விட்டத்தில் ஒரு சதவீதம், அதாவது 18 இஞ்சுக்கு நான்கைந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால்தான் பயன். அதை வீட்டில் கட்டுவது கடினம்.

பட்டறையில் கரி ஊதும் நத்தை வடிவ புளோயர் அழுத்தம் நிறையத் தரும், காற்று போதாது. 12 சென்டிமீட்டர் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு மூன்று நீர் மில்லிமீட்டர் அழுத்தத்தோடு நின்றுவிடும். மேசை மேல் வைக்கும் 10 சென்டிமீட்டர் டனலில் புகையோட்டம் காட்ட அது சரி. பக்கம் பக்கமாக வைத்தால் காற்று கூடும், ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அழுத்தம் கூடும். கார் ரேடியேட்டர் ஃபேனில் வளையம் இருக்கிறது, ரேடியேட்டர் வழியாக இழுக்கவே செய்தது. 20 சென்டிமீட்டர் டனலுக்கு அதை முயன்று பார்க்கலாம், ஆனால் 12 வோல்ட்டில் கனமான கரன்ட் தரும் சப்ளை வேண்டும்.

மோட்டாரும் சுற்றுக் கட்டுப்பாடும்

16 மீட்டர் வரை போக வேண்டுமானால் அரை எச்பி வேண்டும். 12க்கு மேல் போகப் போவதில்லை என்றால் கால் எச்பியே தாங்கும். சிங்கிள் பேஸ் ஃபேனுக்கு வீட்டு ரெகுலேட்டர் போட்டால் மோட்டார் முனகும், சூடாகும், வேகமும் நிலையாக நிற்காது. என் சிபாரிசு: மூன்று பேஸ் மோட்டார் உள்ள ஃபேனும், சிங்கிள் பேஸ் 230 வோல்ட்டை வாங்கி மூன்று பேஸாகத் தரும் சின்ன விஎஃப்டியும். விலை கூடும், ஆனால் சுற்றை ஒரு குமிழில் திருப்பிச் சொன்ன இடத்தில் நிறுத்தலாம். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இது பெரிய நிம்மதி.

ஃபேனுக்கு முன்னாலும் பின்னாலும் கம்பிவலை கட்டாயம். மாதிரி பிய்த்துக்கொண்டு போனால் நேரே இறக்கையில்தான் அடிக்கும். சுவிட்ச், டனலை இயக்குபவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எர்த்தும், கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஓட்டி அளந்து பாருங்கள்

முன்பெட்டியின் சுவரில் வலைக்குப் பின்னால் ஒரு சிறு துளை, சோதனை அறையின் சுவரில் மாதிரிக்கு முன்னால் ஒரு துளை. இரண்டிலிருந்தும் மெல்லிய டியூப் எடுத்து நீர்க்குழாயில் இணைத்தால் இரண்டுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் தெரியும். 12 மீட்டருக்கு அது 8 மில்லிமீட்டர்தான், நேராக நிற்கும் குழாயில் கண்ணுக்குப் பிடிபடாது. ஆகவே அகலமான பாட்டில் ஒன்றில் சொட்டு நீலம் கலந்த தண்ணீர் வைத்து, அதிலிருந்து வரும் கண்ணாடிக் குழாயைப் பத்துக்கு ஒன்று சாய்வில் படுக்க வையுங்கள். முன்பெட்டி டியூபைப் பாட்டிலுக்கும், அறை டியூபைக் குழாயின் மேல் முனைக்கும் கொடுங்கள். இப்போது நீலக்கோடு 8 சென்டிமீட்டர் நகரும். குழாயில் படித்த நீளத்தைப் பத்தால் வகுத்து மில்லிமீட்டராக்கி, அதன் வர்க்கமூலத்தை 4.2ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் இந்த அளவை எழுதி வையுங்கள், குமிழ் நின்ற இடத்தை அல்ல.

கணக்கில் வந்த வேகம் கிடைக்கவில்லை என்றால் பெரிய ஃபேனுக்கு ஓடாதீர்கள். 9 மீட்டரிலிருந்து 12க்குப் போக அழுத்தம் 1.8 மடங்கும் சக்தி 2.4 மடங்கும் வேண்டும், அதை ஃபேனில் தேடினால் காசு கரையும். முதலில் ஓட்டைகளைத் தேடுங்கள். இழுக்கும் டனலில் சோதனை அறையின் அழுத்தம் வெளியை விட 100 பாஸ்கல் குறைவு. 25க்கு 50 சென்டிமீட்டர் அக்ரிலிக் மூடியின் மேல் அது ஒன்றேகால் கிலோ எடையாக அமுக்கும். 2 மில்லிமீட்டர் ஷீட் என்றால் உள்வாங்குவது தெரியும், விளிம்பில் விரிசல் விழுந்து காற்று உள்ளே பீச்சும். ஊதுபத்திப் புகையை எல்லா மூட்டுகளின் அருகேயும் காட்டுங்கள். புகை உள்ளே இழுபடும் இடமெல்லாம் ஓட்டை. சிலிக்கான் போட்டு அடையுங்கள், மூடிக்கு ஃபோம் பட்டையும் கொக்கியும் வையுங்கள். மாதிரியைத் தாங்கும் கம்பி நுழையும் துளையை மறந்துவிடுவோம், அதையும் பாருங்கள். அப்புறம் வலை. தூசி படிந்த கொசுவலை இழப்பைக் கூட்டிக்கொண்டே போகும்.

நம் கரைக்கென்று சில

டனலின் ஃபேனை ஜன்னலில் மாட்டி வெளியே ஊதவிடாதீர்கள். கடல் பார்த்த ஜன்னலில் 10 மீட்டர் வேகக் காற்று நேரே அடித்தால் அது 58 பாஸ்கல். நாம் கூட்டிக் கழித்து வாங்கிய ஃபேனின் மொத்தச் சம்பாத்தியமே 55தான். கதவு ஜன்னலை அடைத்து, ஃபேன் ஊதும் காற்று அறைக்குள்ளேயே சுற்றி முன்பெட்டிக்குத் திரும்பி வரட்டும். வெக்கையாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

டனலைத் தரையில் வைத்தால் மணலை உறிஞ்சும். மேசை உயரத்துக்குத் தூக்குங்கள். எம்டிஎஃப் பலகை வாடை மாதங்களின் ஈரத்தில் ஊதிப்போகும், மரைன் ப்ளைவுட் வாங்குங்கள். குறுகும் பகுதியின் வளைவைப் பலகையில் கொண்டுவர முடியவில்லை என்றால் வள்ளத்துக்கு ஃபைபர் வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் பேசிப் பாருங்கள். அச்சு செய்து கொடுத்தால் உள்பக்கம் வழவழவென்று இழைத்துத் தந்துவிடுவார்கள். படகையே வளைப்பவர்களுக்கு இது சின்ன வேலை.

உப்புக் காற்றுக்கு இரும்பு இறக்கை சீக்கிரம் துரு பிடிக்கும். அதில் துருப் பொருக்கு கிளம்பினால் சமநிலை கெட்டு மோட்டார் ஆடும், பேரிங் போகும். அலுமினியமோ பிளாஸ்டிக்கோ பார்த்து வாங்குங்கள். ஓட்டாத நாட்களில் முன்னும் பின்னும் துணி போட்டு மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் இறக்கையைத் துடைத்து, டெர்மினல் திருகுகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று கரன்ட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். விஎஃப்டியை மட்டும் டனலோடு வைக்காமல், மூடியுள்ள பெட்டியில் சுவரில் மாட்டிவிடுங்கள்.